கடல் கடந்தவர்களுக்கு ஒரு கூரை: அயர்லாந்து தரும் நிதி குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "வெளிநாடுகளில் குடியேறிவிட்ட தன் மக்களின் நலனுக்காக அயர்லாந்து அரசு ஆண்டுதோறும் கருவூலத்திலிருந்து பணம் ஒதுக்குகிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கடிதங்களையும்விடக் கூடுதலாக இருந்ததால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வெளிநாடு போனவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதைத்தான் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறோம். நீங்கள் சொல்வது தலைகீழாக இருக்கிறதே! போனவர்களுக்கு நாடு எதற்காகச் செலவழிக்க வேண்டும்? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் முதல் வாக்கியத்திலேயே பதிலின் பாதி இருக்கிறது. அயர்லாந்துக்காரர்களும் அப்படித்தான் பணம் அனுப்பினார்கள்; அந்தப் பணத்தில்தான் அந்த நாடு பல காலம் மூச்சுவிட்டது.

1841-இல் அந்தத் தீவின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் மேல். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதில் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மடிந்தார்கள். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறினார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகும் கப்பலேறுவது நிற்கவில்லை. அமெரிக்காவுக்குப் புறப்படும் மகனுக்கோ மகளுக்கோ முந்தைய இரவு, செத்தவருக்கு இழவு காப்பதைப் போலவே உற்றாரும் ஊராரும் கூடி விழித்திருக்கும் வழக்கம் அந்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததே காரணம். பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற பிறகும் நிலைமை மாறவில்லை. 1950-களில் மட்டும் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள், பெரும்பாலும் பிரிட்டனுக்கு. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 28 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அது அவ்வளவு தாழ்ந்ததில்லை.

இப்படிப் போன ஆண்கள் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் சாலை போட்டார்கள், சுரங்கப் பாதை தோண்டினார்கள், மின்நிலையங்கள் கட்டினார்கள். பெண்கள் மருத்துவமனைகளில் செவிலியராகவும், விடுதிகளிலும் வீடுகளிலும் பணிப்பெண்களாகவும் உழைத்தார்கள். ஊருக்கு எழுதிய கடிதங்களுக்குள் மறவாமல் பணம் வைத்தார்கள். 1961-இல் அவ்வாறு வந்து சேர்ந்த தொகை ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் பவுன் (அந்நாட்டின் அன்றைய நாணயம்) என்றும், அதே காலத்தில் நாட்டின் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் சேர்த்து ஆன செலவு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுன் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போன அண்ணன் அனுப்பிய பணத்தில் தம்பிகள் படித்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்த அண்ணன் என்ன ஆனார் என்பதுதான் உங்கள் கேள்விக்கான மறுபாதி. கட்டுமானத் தொழிலில் பலருக்குச் சம்பளம் கணக்கில் வராமல் கையில் மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. வரியும் இல்லை, ஓய்வூதியத்துக்கு ஆதாரமான தேசியக் காப்பீட்டு அட்டையில் முத்திரையும் இல்லை. இருபத்தைந்து வயதில் அது இலாபமாகத் தோன்றியது. அறுபத்தைந்து வயதில், முதுகும் முழங்காலும் போன பிறகு, ஓய்வூதியக் கணக்கைத் திறந்து பார்த்தால் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. திருமணம் செய்துகொள்ளாமல், வாடகை அறை மாறி வாடகை அறையாகக் காலம் கழித்தவர்கள் இவர்களில் ஏராளம். ஊரில் பெற்றோர் போய்விட்டார்கள், நிலம் வேறொருவர் கையில், "நன்றாக இருக்கிறேன்" என்று முப்பது ஆண்டுகள் எழுதிய பிறகு வெறுங்கையோடு திரும்பக் கூச்சம். ஆகவே அயர்லாந்து இன்று செலவழிப்பதைத் தருமம் என்று நாம் சொல்லமாட்டோம். கடனைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அதுவும் மிகவும் தாமதமாக.

கேள்வி: எந்த ஆண்டில், யார் ஆட்சியில் இது தொடங்கியது? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: ஒரே நாளில் தொடங்கியதல்ல. நீண்ட காலத்துக்கு இந்த வேலையை அரசு செய்யவில்லை, கத்தோலிக்கத் திருச்சபை செய்தது. 1957-இல் அயர்லாந்து ஆயர்கள் புலம்பெயர்ந்தோருக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்திப் பிரிட்டனுக்குப் பாதிரியார்களை அனுப்பினார்கள். கட்டுமானத் தளங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் நேரில் போய் ஆட்களைத் தேடிப் பிடித்தவர்கள் இவர்கள்தாம். அரசு முதலில் உதவிக்கரம் நீட்டியது 1984-இல். அப்போதைய தொழிலாளர் துறையின் கீழ் ஒரு குழு அமைத்து, பிரிட்டனிலுள்ள ஐரிஷ் தொண்டு அமைப்புகளுக்குச் சிறு மானியங்கள் வழங்கினார்கள். அக்குழுவின் பெயர் 'தீயன்'. ஐரிஷ் மொழியில் கூரை, அடைக்கலம் என்று பொருள். பெயர் பெரியது, பணம் சிறியது.

1990-இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், தம் மாளிகையின் சன்னலில் புலம்பெயர்ந்த எல்லோருக்குமாக ஒரு விளக்கை எரியவிட்டார். விளக்கால் யாருக்கும் வயிறு நிறையாது என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனாலும் போனவர்களைப் பற்றிப் பேசுவதே தோல்வியை ஒப்புக்கொள்வது என்று கருதிய அரசியலில், அந்தப் பேச்சை மரியாதைக்குரியதாக்கியவர் அவரே. வடக்கு அயர்லாந்துப் பூசலை முடிக்க 1998-இல் செய்துகொண்ட புனித வெள்ளி உடன்படிக்கையை ஒட்டித் திருத்தப்பட்ட அரசியல் சட்டத்தின் இரண்டாம் உறுப்பில், தன் பண்பாட்டு அடையாளத்தையும் மரபையும் பகிர்ந்துகொள்ளும் வெளிநாட்டு வம்சாவளியினரோடு தனக்குள்ள தனி உறவை ஐரிஷ் தேசம் போற்றுகிறது என்ற வாசகமே சேர்ந்துவிட்டது.

போற்றினால் போதுமா என்ற கேள்வி எழுந்தபோது, வெளியுறவு அமைச்சராக இருந்த பிரையன் கவன் ஒரு பணிக்குழுவை நியமித்தார். 2002-இல் அறிக்கை தந்த அக்குழு, தனியொரு முகமை வேண்டும், நிதியைப் பல மடங்கு உயர்த்த வேண்டும் என்றது. அறிக்கை கொஞ்ச காலம் அலமாரியில் உறங்கியது. 2003 டிசம்பரில், பிரிட்டனில் அழுக்கு அறைகளில் தனியே கிடந்த முதிய ஐரிஷ் தொழிலாளர்களை அயர்லாந்தின் பொதுத்துறைத் தொலைக்காட்சி படம்பிடித்து இரவு நேரத்தில் ஒளிபரப்பியது. அப்போது நாடு செல்வச் செழிப்பில் மிதந்துகொண்டிருந்த காலம், பார்த்தவர்களுக்கு உறுத்தியது. 2004-இல் வெளியுறவுத் துறைக்குள் தனிப் பிரிவு தொடங்கி, இன்றைய 'புலம்பெயர்ந்தோர் ஆதரவுத் திட்டம்' நடைமுறைக்கு வந்தது. தனி முகமை மட்டும் இன்றுவரை வரவில்லை.

கேள்வி: பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று கையில் தருவார்களா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: தரமாட்டார்கள். நிதி தனியாட்களுக்குப் போவதில்லை. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மட்டுமே போகிறது. அமைப்புகள் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும், எந்தப் பணிக்கு என்று சொல்ல வேண்டும், பிறகு கணக்குக் காட்ட வேண்டும். அந்தந்த நாட்டிலுள்ள தூதரகமும் துணைத் தூதரகங்களும் உள்ளூர் நிலவரம் அறிந்தவை என்பதால் அவற்றின் கருத்தும் கேட்கப்படுகிறது. இந்த ஏற்பாடு நம் பார்வைக்குச் சரியாகவே படுகிறது. தலைநகர் டப்ளினில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு, லண்டனில் எந்த மாடியறையில் எந்தக் கிழவர் மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்பது தெரியாது. அந்தத் தெருவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டருக்குத் தெரியும்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாக லண்டனில் இருக்கிறேன். இங்கே மருத்துவம் இலவசம். முதியோருக்கு உதவித்தொகை உண்டு. ஐரிஷ்காரர்களுக்குக் குடியுரிமைச் சிக்கலே இல்லை. அப்புறம் அவர்களுக்கென்று தனி மையங்கள் எதற்கு? (ஒரு வாசகர், லண்டன்)

பதில்: நீங்கள் சொல்வது உண்மை. இரு நாடுகளுக்கும் இடையிலான பொதுப் பயண ஏற்பாட்டின்படி ஐரிஷ் குடிமக்கள் பிரிட்டனில் தங்கவும் வேலை செய்யவும் வாக்களிக்கவும் உதவித்தொகை பெறவும் உரிமை உள்ளவர்கள். சிக்கல், இருக்கும் உரிமையைக் கேட்டு வாங்காமல் இருப்பதில்தான். எழுத்து வாசனை குறைந்தவர்களுக்கு இருபது பக்கப் படிவம் ஒரு சுவர். முத்திரை இல்லாமல் வேலை செய்தவருக்கு, அரசு அலுவலகத்துக்குப் போனால் பழைய கணக்கைத் தோண்டுவார்களோ என்ற பயம். கைநீட்டக் கூடாது என்ற வைராக்கியம் வேறு.

இதற்கு மேல் ஒரு வரலாறும் உண்டு. 1974 நவம்பரில் பர்மிங்காம் நகரின் மதுக்கூடங்களில், ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்ததாகக் கருதப்படும் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தார்கள். அதையடுத்து அவசரமாக நிறைவேறிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நிழல் பிரிட்டனிலிருந்த ஐரிஷ் மக்கள் எல்லோர் மேலும் விழுந்தது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆறு ஐரிஷ்காரர்கள் குற்றமற்றவர்கள் என்று 1991-இல்தான் விடுதலையானார்கள். பர்மிங்காமில், ஐரிஷ்காரர்களின் தேசியத் திருநாளான புனித பேட்ரிக் நாள் ஊர்வலம் குண்டுவெடிப்புக்குப் பிறகு நின்றுபோய் 1996-இல் மறுபடி தொடங்கியது. பேருந்தில் வாயைத் திறந்தால் உச்சரிப்பு காட்டிக் கொடுத்துவிடும் என்று பேசாமலேயே பயணம் செய்து பழகிய ஒருவர், எழுபது வயதில் நகராட்சி அலுவலகத்தில் போய் உரிமை கேட்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? கணக்கெடுப்புப் படிவத்தில் 'ஐரிஷ்' என்று குறிக்க ஒரு கட்டமே 2001-இல்தான் வந்தது. அதுவரை அவர்களுடைய உடல்நலம், வீட்டுவசதி பற்றிய தனிக்கணக்கு எடுப்பதே கடினமாக இருந்தது.

எனவே கேம்டனில் 1950-களிலிருந்து இயங்கும் லண்டன் ஐரிஷ் மையம் போன்ற இடங்களில் நடப்பதைப் பார்த்தால், பாதிக்கு மேல் படிவம் நிரப்பும் வேலையாக இருக்கும். ஓய்வூதியப் பாக்கி, வீட்டு வாடகை உதவி, மருத்துவமனைச் சீட்டு. மீதி, மதியச் சாப்பாடும் தேநீரும் பேச்சுத் துணையும். ஊர்ப் பேச்சைக் கேட்டு வருகிறவர், இரண்டாம் வாரம் சட்டைப் பையிலிருந்து பிரிக்காத ஓர் அரசாங்கக் கடித உறையை எடுத்து நீட்டுவார். அந்த உறையை வாங்கிப் பிரிக்கிற ஊழியரின் சம்பளத்துக்குத்தான் அயர்லாந்து அரசின் நிதி போகிறது. சுற்றி வளைத்துப் பார்த்தால், அயர்லாந்து கொடுக்கும் ஒரு பவுனால் பிரிட்டன் அரசு கொடுக்க வேண்டிய பல பவுன்கள் உரியவர் கைக்கு வந்து சேர்கின்றன. மொத்த நிதியில் பாதிக்கும் மேல் பிரிட்டனுக்கே போவதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: அமெரிக்காவில் உரிய விசா இல்லாமல் தங்கியிருக்கும் ஐரிஷ்காரர்களும் உண்டு என்று படித்தேன். இன்னொரு நாட்டின் சட்டத்தை மீறியவர்களுக்கு ஓர் அரசு உதவலாமா? (சட்டக் கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: உண்டு, பல ஆயிரம் பேர். 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் பழைய ஒதுக்கீட்டு முறையை மாற்றியதில், ஐரோப்பியருக்கு முன்பு எளிதாயிருந்த வழி சுருங்கியது. 1980-களில் அயர்லாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியபோது, சுற்றுலா விசாவில் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இறங்கிய இளைஞர்கள் திரும்பவில்லை. அவர்களுக்காகப் பேசியவர்களின் முயற்சியால், முதலில் டானலி விசா என்றும் பிறகு மாரிசன் விசா என்றும் அவற்றைக் கொண்டுவந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பெயரால் வழங்கிய திட்டங்கள் வந்தன. இவற்றுள் இரண்டாவது, 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மூன்று ஆண்டுகளில் 48,000 விசாக்களை ஐரிஷ்காரர்களுக்கென்று ஒதுக்கியது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அத்தகைய வாய்ப்பு கிடைக்கவில்லை. தந்தை இறந்தால் அடக்கத்துக்குக்கூட ஊருக்குப் போக முடியாது. போனால் அமெரிக்காவுக்குள் திரும்ப நுழைய முடியாது.

உங்கள் கேள்விக்கு நேராக வருவோம். நிதி பெறும் குடியேற்ற மையங்கள் யாரையும் சட்டத்திலிருந்து மறைத்து வைப்பதில்லை. அவை வழக்கறிஞர் ஆலோசனை தருகின்றன, குடியுரிமைத் தேர்வுக்குப் பயிற்சி தருகின்றன, மனநல உதவிக்கு வழிகாட்டுகின்றன, விபத்தில் இறந்த இளைஞரின் உடலை ஊருக்கு அனுப்பும் குடும்பத்துக்குத் துணை நிற்கின்றன. தன் குடிமகன் எங்கே எந்த நிலையில் இருந்தாலும் சட்ட ஆலோசனை கிடைக்கச் செய்வது தூதரகக் கடமையின் நீட்சிதான். இதே நியாயம் இன்னும் கடினமான ஓரிடத்திலும் பொருந்துகிறது: வெளிநாட்டுச் சிறைகளில் இருக்கும் ஐரிஷ்காரர்களுக்காக ஆயர்கள் 1985-இல் தொடங்கிய அமைப்பும் இந்த நிதியைப் பெறுகிறது. என்ன குற்றம் என்று பார்க்காமல் கடிதம் எழுதுவதும், நேரில் சென்று பார்ப்பதும், ஊரிலுள்ள குடும்பத்துக்குச் சேதி சொல்வதும் அவர்கள் வேலை. சட்ட மாணவரான உங்களுக்கு இதில் தயக்கம் இருக்காது என்று நம்புகிறோம்.

கேள்வி: நடனத்துக்கும் விளையாட்டுக்கும் தொழிலதிபர் கூட்டங்களுக்கும்கூட இதே நிதியிலிருந்து கொடுக்கிறார்களாமே. அது வீண்செலவு இல்லையா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கொடுக்கிறார்கள். முதியோர் நலனுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை என்பது எழுதப்பட்ட கொள்கை. ஆயினும் ஐரிஷ் இசை, நடனம், மொழி வகுப்புகள், 'கேலிக்' எனப்படும் ஐரிஷ் மரபு விளையாட்டுகளின் சங்கங்கள், வரலாற்று ஆவணப் பணி, வணிகத் தொடர்புக் குழுக்கள் ஆகியவையும் பட்டியலில் உள்ளன. 2008-ஐ ஒட்டிய பொருளாதாரச் சரிவில் அயர்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்தபோது, அரசு 2009-இல் உலகெங்குமிருந்து வசதி படைத்த ஐரிஷ்காரர்களை டப்ளினுக்கு அழைத்து ஆலோசனை கேட்டது. 'நாங்கள் உங்களுக்கு என்ன செய்யலாம்' என்ற பேச்சு, 'நீங்கள் எங்களுக்கு என்ன செய்யலாம்' என்று மெல்லத் திரும்பியது அப்போதுதான். வம்சாவளியினர் 7 கோடிப் பேர் என்று மேடைதோறும் சொல்லப்பட்டதும் அந்தக் காலத்திலேயே.

விளையாட்டுச் சங்கத்துக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லமாட்டோம். சிட்னியிலோ டொரான்டோவிலோ நேற்று வந்திறங்கிய இளைஞனுக்கு அறையும் வேலையும் தேடித் தருவது பெரும்பாலும் அந்த மைதானத்தில் கிடைக்கும் அறிமுகம்தான். பின்னாளில் அவன் தனிமையில் விழாமல் காப்பதும் அதுவே. 1950-களில் போனவர்களுக்கு அந்த வேலையைச் செய்த இடம் மதுக்கூடம். அதன் விலையைப் பல பேர் ஈரலால் கொடுத்தார்கள். தொழிலதிபர் விருந்துகள் விஷயத்தில் உங்கள் ஐயம் நமக்கும் உண்டு. தங்கள் விருந்துச் செலவைத் தாங்களே ஏற்கக்கூடியவர்கள் அவர்கள்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு? போதுமா? (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: 2004-இல் தொடங்கியதிலிருந்து 20 கோடி யூரோவுக்கு மேல் வழங்கப்பட்டிருக்கிறது. பொருளாதாரச் சரிவுக்கு முன்பு ஆண்டு ஒதுக்கீடு ஒன்றரைக் கோடி யூரோவைத் தொட்டது. சரிவில் வெட்டுப்பட்டு, பல ஆண்டுகள் 1 கோடியே 16 லட்சம் யூரோ அளவிலேயே நின்றது. பிறகு படிப்படியாக ஏறியது. கொரோனாக் காலத்தில் தனி நிதியும் ஒதுக்கி, வெளியே வர முடியாத முதியவர்களுக்கு உணவும் தொலைபேசித் துணையும் கிடைக்கச் செய்தார்கள். அயர்லாந்தின் அன்றைய மக்கள்தொகையால் அந்த 1 கோடியே 16 லட்சத்தை வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ இரண்டரை யூரோதான் வரும். டப்ளினில் அதற்கு ஒரு காப்பி கிடைப்பது கடினம். 1961-இல் வந்த பணத்தை இன்றைய மதிப்பில் வைத்துப் பார்த்தால் போதுமா என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: முதுமையில் ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு வழி உண்டா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, புதுக்கோட்டை)

பதில்: உண்டு, ஆனால் குறுகலானது. மேற்குக் கடற்கரையில் மேயோ மாவட்டத்து மல்ரானி என்ற சிற்றூரில், ஓர் உள்ளூர் மருத்துவரின் முயற்சியால் 2000-ஐ ஒட்டி 'பத்திரமாக வீட்டுக்கு' என்று பொருள்படும் பெயரோடு ஒரு தொண்டு அமைப்பு தொடங்கியது. முதியோருக்காகத் தொண்டு நிறுவனங்கள் கட்டும் அரசு உதவி வீடுகளில் நான்கில் ஒரு பங்குவரை திரும்பி வருவோருக்குக் கொடுக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டதால், அவர்களால் பலரை அழைத்துவர முடிந்தது. அமைப்புக்கு அரசின் இந்த நிதியும் கிடைக்கிறது. அவர்கள் செய்வதில் நமக்குப் பிடித்தது, முதலில் ஆசையைத் தணித்துப் பேசுவது. ஐம்பது ஆண்டுக்கு முன் விட்டுவந்த ஊர் இப்போது இல்லை, கூட விளையாடியவர்கள் கல்லறையில் இருக்கிறார்கள், பேருந்து வாரத்துக்குச் சில முறைதான் வரும் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு முறை வந்து தங்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்துவிட்டுப் பிரிட்டனிலேயே இருந்துவிடுவதும் உண்டு. அதுவும் நல்ல முடிவுதான்.

ஒரு முரணையும் சொல்லவேண்டும். 2004 மே முதல் நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்த அன்றே, சமூக உதவித்தொகை பெற 'வழக்கமாக இங்கே வாழ்பவர்' என்று மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதியை அயர்லாந்து கொண்டுவந்தது. புதிதாக வருவோரைக் கருதி எழுதப்பட்ட விதியில் திரும்பி வந்த சொந்தக் குடிமக்களும் மாட்டிக்கொண்டார்கள். போனவர்களுக்கு நிதித் திட்டம் தொடங்கிய அதே ஆண்டில் வந்தவர்களிடம் 'நீ இந்த ஊர்க்காரன்தானா?' என்று கேட்கத் தொடங்கியது ஒரே அரசு. படிவத்தோடு போராடும் இவர்களுக்கு வழிகாட்ட டப்ளினில் இயங்கும் தொண்டு மையத்துக்கும் அதே அரசுதான் பணம் தருகிறது.

கேள்வி: இவ்வளவு அக்கறை காட்டும் நாடு, வெளிநாட்டிலிருக்கும் குடிமக்களுக்கு வாக்குரிமை தந்திருக்கிறதா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் இல்லை. தூதரக அலுவலர், இராணுவத்தினர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. சில பல்கலைக்கழகப் பட்டதாரிகள் எங்கிருந்தாலும் மேலவையின் சில இடங்களுக்கு அஞ்சலில் வாக்களிக்கலாம். மற்றவர்கள் வெளியேறிப் பதினெட்டு மாதத்துக்குள் திரும்பும் எண்ணம் உடையவராயிருந்தால் மட்டும், ஊருக்கு வந்து நேரில் வாக்களிக்க முடியும். ஒருபால் திருமணம் குறித்து 2015-இலும் கருக்கலைப்பு குறித்து 2018-இலும் நடந்த பொது வாக்கெடுப்புகளுக்கு விமானமும் கப்பலும் நிறைய வந்து இறங்கிய இளைஞர் கூட்டம் அந்த விதியைப் பயன்படுத்தி வந்தவர்கள்தாம். குடியரசுத் தலைவர் தேர்தலிலாவது வெளிநாட்டுக் குடிமக்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு வாக்கெடுப்பு நடத்துவதாக அரசு உறுதியளித்தது. 2024 முடியும்வரை அது நடக்கவில்லை.